எங்களையும் 'பழுதாகும் சரக்கு' என்று பதிந்துகொள்ளுங்கள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து போகும். இதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இந்தச் சரிவில் ரயிலை எப்படி இறக்குவதென்று தெரியாமல் எஞ்சினியர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, இந்த நாட்டின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த மத்திய வங்கி அறிக்கையும் சொன்னதில்லை. யோசனை தலைப்பாகைக்காரருடையது. பெயரும் பென்ஷனும் எஞ்சினியருடையவை.

அந்தப் பாதையை ஆட்கள் போய்வரவா போட்டார்கள்? தேயிலை போகப் போட்டார்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் எழுந்தது. 1924 இல் ரயில் பதுளையைத் தொட்டது. உலர்த்தி, சலித்து, பெட்டியில் அடைத்த தேயிலை மாதக்கணக்கில் கெடாது. கெடாத சரக்கு துறைமுகத்துக்குப் பிந்திவிடக் கூடாதென்று மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தைத் தாண்டினார்கள், எங்கள் பாட்டன்மாரின் முதுகை வளைத்தார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. கெட்டுப்போகும் சரக்கான போஞ்சியும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் தக்காளியும் அதே மலையிலிருந்து உரச்சாக்கில் போகின்றன. டித்வா புயல் வந்து பாதையைப் பிய்த்தெறியும் வரை, வெளிநாட்டுப் பயணி கதவில் தொங்கிப் படம் எடுக்க 'எல்ல ஒடிசி' ரயில் ஓடியது. போஞ்சிக்கு ஒரு குளிர்ப்பெட்டியை அதன் வாலில் கொளுவ எவருக்கும் தோன்றவில்லை. போஞ்சி படம் எடுப்பதில்லை அல்லவா.

ஆனால் விமானத்தைப் பற்றிப் பேசாத ஆட்சி கிடையாது. மேடையும் மைக்கும் கிடைத்தால் ஊவா மரக்கறி உடனே டுபாய்க்குப் பறக்கும். உலக வர்த்தகத்தில் எடைக்கணக்கில் நூற்றில் ஒரு பங்குகூட விமானத்தில் போவதில்லை. பெறுமதிக்கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விமானத்தில்தான் போகிறது என்கிறது விமானக் கொம்பனிகளின் சங்கமான அயாட்டா. எடை குறைவு, காசு அதிகம். நமது அரசியல்வாதிகள் அறிந்த ஒரே தொழிலின் இலக்கணமும் இதுதான் என்பதால், இந்தக் கணக்கு மட்டும் அவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

அவர்களுக்குப் புரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. அது தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்குமான கணக்கு.

ஊவா பரணகமவில் விடியற்காலையில் போஞ்சி கொடியை விட்டு இறங்குகிறது. பறித்த மரக்கறிக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு பிறக்கும். முதல் சில மணித்தியாலத்துக்குள் அந்தச் சூட்டை இறக்காவிட்டால், பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் போன ஆயுள் போனதுதான். விவசாயப் பாடசாலையில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இங்கே நடப்பது என்ன? போஞ்சியை உரச்சாக்கில் திணித்து, முழங்காலால் அழுத்தி, வாயைத் தைக்கிறார்கள். வெயிலில் லொறிக்குக் காத்திருக்க வேண்டும். லொறி வந்ததும் சாக்கின் மேல் சாக்கு, அதற்கு மேல் கோவா, கோவாவுக்கு மேல் லொறிப் பையன். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் இறக்கி, ஏலம் பேசி, கை மாறி, மறுபடி ஏற்றுகிறார்கள். இரவெல்லாம் வளைவுகளில் குலுங்கி, 2020 இல் பேலியகொடவுக்குக் குடிபெயர்ந்த மெனிங் சந்தைக்கு வந்து சேர்கிறது. பொதி கட்டும் கொம்பனிக்காரர் அங்கே வந்து நல்லதைப் பொறுக்குகிறார். நேற்று விடிய உயிரோடு புறப்பட்டதில் எத்தனை மூச்சோடு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பொறுக்கல்.

பிறகு காட்சி மாறுகிறது. கழுவுகிறார்கள். துடைக்கிறார்கள். கையுறையும் தலைவலையும் போட்ட ஒருவர் அதை அளந்து வெட்டுகிறார். ரெஜிபோம் பெட்டியில், ஜெல் ஐஸ் பக்கத்தில், மெத்தையில் படுக்கவைப்பதுபோல் படுக்கவைக்கிறார்கள். பூச்சி இல்லை, புழு இல்லை என்று தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரி சான்றிதழ் எழுதுகிறார். விமான நிலையக் குளிரறையில் பாகை பார்த்து வைக்கிறார்கள். வெயிலில் ஒரு பகலும் லொறியில் ஓர் இரவும் வெந்த போஞ்சிக்கு விமானம் ஏறப்போகும் நேரத்தில்தான் ராஜமரியாதை. மறுநாள் மாலைதீவில் ஓர் உல்லாச விடுதியில் வெண்ணெயில் வதங்கி, 'மலைநாட்டுப் பசும் போஞ்சி' என்ற பட்டத்தோடு கோப்பைக்கு வருகிறது. குளிர்ச் சங்கிலி என்று இதற்குப் பெயராம். சங்கிலியின் ஒரு முனை விமான நிலையத்தில் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை.

நாட்டில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பிறகு வீணாகிறது என்று அரசாங்கமே சொல்கிறது. சலிக்காமல் வருடா வருடம் சொல்கிறது. ஒரு தடவை ஏதோ செய்யவும் பார்த்தார்கள். 2011 இன் இறுதியில், இனிச் சாக்கு கிடையாது, பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் நல்ல சட்டம். கூடையை யார் வாங்குவது? வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது? லொறியில் கொள்ளும் சரக்கு குறைந்தால் அந்தக் கூலியை யார் கட்டுவது? இதெல்லாம் சட்டத்தில் இல்லை. தம்புள்ளையில் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டம் வாலைச் சுருட்டிக்கொண்டது, சாக்கு வென்றது. இப்போதும் ஆட்சி செய்வது சாக்குதான். இருவகைச் சாக்கும்.

எங்கள் மலைச் சரக்கின் பயணத்தில் தராசு மூன்று. முதல் தராசு தோட்டத்தில். கொழுந்தை நிறுப்பார்கள், ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், கூடைக்கு என்று கழிப்பார்கள், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இரண்டாவது தராசு சந்தையில். அழுகலுக்கு என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்து, மிச்சத்தில் கொமிஷன் எடுப்பார்கள். மூன்றாவது தராசு விமானக் கொம்பனியுடையது. அது கழிப்பதில்லை, கூட்டும். பெட்டி பாரம் குறைந்து இடத்தை அடைத்தால் அதன் கன அளவை அளந்து, 6,000 கன சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போடுவார்கள். லீக்ஸுக்கு நடுவே இருக்கும் காற்றுக்கும் கட்டணம். முதல் தராசில் தண்ணீருக்குக் கூலி இல்லை, மூன்றாம் தராசில் காற்றுக்குக் காசு. மூன்று தராசுக்கும் முள் வேறுவேறு. ஆனால் கீழே நிற்பவர் பக்கம் மட்டும் எந்த முள்ளும் சாய்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

விமான நிலையம் தூரம் என்பதால் வந்த வினை இது என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் அரசாங்கத்திடம் மருந்து இருந்தது. எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் தெமோதரையிலிருந்து ஒரு காலைப் பொழுதுக்குள் போய்விடக்கூடிய இடத்தில், 2013 மார்ச் 18 அன்று மத்தள ராஜபக்ஷ சர்வதேச விமான நிலையத்தைத் திறந்தார்கள். செலவு 209 மில்லியன் டொலர், பெரும்பகுதி சீனக் கடன். ஓடுபாதை நீளம், கட்டடம் பளபளப்பு, குளிரூட்டி ஜில். விமானம் மட்டும் வரவில்லை. யானையும் மானும் மயிலும் வந்தன. அவற்றை விரட்ட 2016 இல் 300க்கு மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் இறக்கினார்கள். உலகின் மிக வெறுமையான விமான நிலையம் என்று ஓர் அமெரிக்கச் சஞ்சிகை பட்டம் சூட்டியது. சரக்கு முனையத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? நெல் மூட்டை அடுக்கினார்கள். உணவுப் பொருளை விமான நிலையத்தில் ஏற்றுவோம் என்ற வாக்குறுதியை அரசு நிறைவேற்றியே விட்டது. உணவு விமான நிலையத்துக்குள் ஏறியது. அதன் பிறகு எங்கும் போகவில்லை.

விமானத்தில் சரக்கு வரவே இல்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகிவிடும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தினார் ஜனாதிபதி கோட்டாபய. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதன விவசாயத்துக்கு மாறிவிடும் என்றார்கள். கொழுந்து மஞ்சளானது, நெல் சுருண்டது, உருளைக்கிழங்கு கோலிக்குண்டானது. பயம் பிடித்ததும் அக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவ உரம் ஒரு இலட்சம் லீற்றரை விமானத்தில் கொண்டுவந்தார்கள். நவம்பரில் இந்திய விமானப்படை விமானங்கள் இன்னும் 100 தொன் கொண்டுவந்து இறக்கின. உரம் வானத்தில் வந்தது, மரக்கறி தரையில் அழுகியது. இடையில் சீனாவிலிருந்து ஒரு கப்பல் சேதன உரத்தோடு வந்து, கிருமி இருக்கிறதென்று இறக்க விடாமல் கடலில் சுற்றியது. இறக்காத அந்த உரத்துக்கும் கிட்டத்தட்ட 7 மில்லியன் டொலர் கட்டினோம். வாங்காத சரக்குக்குக் காசு கட்டும் கருவூலம், விற்ற போஞ்சிக்குக் காசு கேட்டால் கையை விரிக்கும்.

விமானத்தில் பறக்கும் உணவைப் பற்றி ஒரு ஜனாதிபதி உண்மையாகவே கோபப்பட்டதும் உண்டு. 2018 செப்டெம்பரில் மைத்திரிபால சிறிசேன கூட்டம் ஒன்றில் பொங்கினார். நேபாளத்திலிருந்து திரும்பும்போது ஸ்ரீலங்கன் விமானத்தில் தனக்குக் கொடுத்த கஜுவை நாய்கூடத் தின்னாது என்றார். அரச இயந்திரம் அன்று ஓடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விமான நிறுவனம் கஜு இருப்பைத் தூக்கி எறிந்தது, அதை வழங்கிய டுபாய் நிறுவனத்துக்கும் கும்பிடு போட்டது. கஜு விளையும் நாடு இது. பக்கத்தில் மொனராகலையிலேயே கஜு காய்த்துத் தொங்குகிறது. அந்த நாட்டின் தேசிய விமானத்தில் டுபாய் வழியாகக் கஜு வந்தது ஏன் என்று எவரும் பொங்கவில்லை. ஒரு பெரிய மனிதரின் வாய்க்கு ஒரு கெட்ட கஜு போனால் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் கொள்கை மாறுகிறது. ரேஷன் மாவில் புழு நெளிந்த காலத்தில் எங்கள் அம்மாமார் சல்லடை எடுத்துச் சலித்தார்கள். கொள்கை ஏதும் மாறியதாக ஞாபகம் இல்லை.

2023 இல் வந்ததுதான் மகுடம். விவசாய அமைச்சு ஏற்றுமதிக்குப் புதிய சரக்கைக் கண்டுபிடித்தது. ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்தது. பயிரைக் குரங்கு தின்கிறது, ஆகவே குரங்கை அனுப்புவோம். யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான மரக்கறி ஏற்றுமதித் திட்டம் இல்லை. பொதி வேண்டாம், ஐஸ் வேண்டாம், போஞ்சி குரங்கின் வயிற்றுக்குள் இருந்தபடியே பீஜிங் போய்ச்சேரும். வனவிலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள், சீனத் தூதரகம் தனக்குத் தெரியாது என்றது, திட்டம் கைவிடப்பட்டது. குரங்குக்காக வழக்காட ஆள் இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பொறாமையும்தான்.

வெளிநாட்டில் இதை ஒழுங்காகச் செய்கிறார்களே, கென்யாவைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை, அங்கேயும் வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டம். நைரோபியிலிருந்து போஞ்சியும் ரோஜாவும் பல பத்தாண்டுகளாக இரவோடிரவாக ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. வயலுக்குப் பக்கத்திலேயே குளிரறை வைத்திருக்கிறார்கள். இதை மட்டும் நம்மவர்கள் பார்த்துவிட்டு வந்தால் போதும். ஆனால் 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை சாம்பல் கக்கி ஐரோப்பிய வானம் மூடியபோது, கென்யாவில் பூவையும் மரக்கறியையும் குவியல் குவியலாகக் கொட்டினார்கள். பறித்த ஆட்களில் ஆயிரக்கணக்கானோரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிர்ச் சங்கிலி அறுந்தால் முதலில் விழுவது எந்தக் கண்ணி என்பதில் நைரோபிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

இவ்வளவு சொன்னேனே, எங்கள் மலையிலிருந்து ஒழுங்காக, தவறாமல், இலாபமாக விமானம் ஏறும் சரக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்கு லொறித் தட்டுப்பாடு இல்லை, தரகருக்குப் பஞ்சம் இல்லை, கட்டுநாயக்கவில் தனி வரிசையே இருக்கிறது. எங்கள் பெண்கள்.

2024 இல் தேயிலை ஏற்றுமதியில் நாடு சம்பாதித்தது ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலர். அதே வருடம் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கு மேல். அது முழுதும் தோட்டத்துப் பெண்களின் உழைப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். கொழுந்தை ஏற்றுவதைவிடக் கொழுந்து பறிப்பவளை ஏற்றுவது ஆதாயம். அவளைத் தோட்டத்தில் வைத்திருந்தால் சம்பளம் கேட்பாள். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். கொம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் கையில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350. மிச்சத்துக்கு மேலதிகக் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள், அதிலும் 200 ரூபாய் அரசாங்கத்தின் கைச்செலவு. தேயிலை விற்கும் கொம்பனிக்குத் தன் கொழுந்துக்காரிக்குக் கூலி கொடுக்க அரசாங்கம் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? ரியாத்துக்கு டிக்கட் போட்டால் முடிந்தது.

வளைகுடாவுக்குப் பறக்கும் விமானத்தை ஒரு தடவை நெடுக்கு வெட்டாக நினைத்துப் பாருங்கள். அடிவயிற்றில் ஊவா மரக்கறி. அதற்குப் பாகை பார்த்த குளிர், மேலே பாரம் வைக்காதே என்ற எச்சரிக்கை, கெட்டுப்போனால் காப்புறுதி. அதற்கு நேர் மேலே, இருக்கையில், அதே ஊவாவிலிருந்து வந்த பெண். ஒரே மலையில் வளர்ந்தவர்கள், ஒரே இரவில் போகிறார்கள். இறங்கும்போது கெட்டிருந்தால் எதற்கு நட்டஈடு கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகையால், மாண்புமிகு ஐயா அவர்களே, ஊவா தோட்ட மக்கள் சார்பில் இந்த விண்ணப்பத்தைப் பணிவோடு சமர்ப்பிக்கிறேன். எங்களைப் பிரஜைகளாக நடத்தும் சிரமத்தை இனி உங்களுக்குத் தர விரும்பவில்லை. விமானச் சரக்கு விதிகளில் 'பழுதாகும் சரக்கு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. எங்களை அதில் பதிந்துகொள்ளுங்கள்.

முன்னனுபவம் கேட்பீர்கள். இருக்கிறது. 1948 இல் எங்கள் பிரஜாவுரிமையை எடுத்தீர்கள். 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள், சிறிமா அம்மையாரும் சாஸ்திரி ஐயாவும், மேசையில் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கே போக விருப்பம் என்று கோவாவிடம் கேட்காததுபோல் எங்களிடமும் கேட்கவில்லை. சரக்காக இருந்து எங்களுக்குப் பழக்கம் உண்டு. குறை ஒன்றுதான். கெடக்கூடிய சரக்கு என்று எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

எழுதிக்கொண்டால் எங்களுக்குக் கிடைக்கக்கூடியவை இவை.

முதலாவது, காற்று. தொழிற்சாலைக்குப் போகும் கொழுந்தை அமுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, சூடேற விடக்கூடாது. போனவுடன் வாட்டும் தட்டில் பரப்பி அடியிலிருந்து விசிறி போட்டு, மணிக்கணக்காகக் காற்று விடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், ஒரே கதவும் கண்ணளவு ஒரு ஜன்னலுமாக, தகரத்துக்கு அடியில் வேகும் எங்களுக்கு அந்த விசிறி எட்டாது. நாங்களும் பழுதாகும் சரக்கு என்றால் எட்டும்.

இரண்டாவது, 'மேலே அடுக்காதே' என்ற வில்லை. பெட்டியில் ஒட்டினால் அதன்மேல் இன்னொரு பெட்டி ஏறாது. எங்கள் காம்பராக் கதவில் ஒட்டித் தாருங்கள். பாட்டி, அம்மா அப்பா, கல்யாணமான அண்ணன், அவன் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையை ஒரே அறையில் அடுக்கிவைத்து, வீட்டுத் திட்டத்தை அடுத்த தேர்தலுக்கு அனுப்பும் வழக்கம் சட்டப்படி குற்றமாகும்.

மூன்றாவது, முன்னுரிமை. பழுதாகும் சரக்கைக் கடைசியில் ஏற்றி முதலில் இறக்க வேண்டும் என்பது விமான நிலைய நியதி. கொஸ்லாந்தை மீரியபெத்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலை அந்த மலை லயங்களின் மேல் இறங்கியபோது ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். ஒன்பது வருடமாக இறக்கப்படாத சரக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்து பதுளை மாவட்டத்தை மறுபடி சரித்தது. பாதைகள் துண்டான நேரத்தில் வெளிநாட்டு நிவாரண உணவு விமானம் விமானமாகக் கட்டுநாயக்கவில் இறங்கியது. எங்கள் உணவு வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டும் என்று நூறு மேடையில் கேட்டோம். வெளிநாட்டு உணவு எங்களுக்குப் பறந்து வந்தது. வரம் கொடுத்தவர்கள் திசையை மட்டும் மாற்றிக் கேட்டுவிட்டார்கள்.

நான்காவது, இலக்கம். ஒவ்வொரு விமானச் சரக்குக்கும் பதினொரு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அதைத் தட்டினால் பெட்டி இப்போது எந்த விமான நிலையத்தில், எந்தக் கொட்டகையில், எத்தனை மணிக்கு எவர் கையொப்பத்தில் இருக்கிறதென்று தெரியும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போன பிள்ளையிடமிருந்து மாதக்கணக்காகச் சத்தம் இல்லை என்று ஒரு தாய் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போனால், விசாரிக்கிறோம் அம்மா, போய்வாருங்கள் என்பார்கள். ஒரு பெட்டி போஞ்சிக்குத் தரும் எண்ணை அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள்.

ஐந்தாவதை எழுதும்போது பணிவு கையை விட்டுப் போகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். விமானச் சரக்கு விதிகளில் மனித உடலுக்கும் ஒரு பிரிவு உண்டு. சவப்பெட்டியை உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் ஏற்றக் கூடாது, இடைவெளி விட வேண்டும். போகும்போது மரக்கறிக்கு மேலே இருக்கையில் போன பெண்களில் சிலர், திரும்பும்போது அந்தப் பிரிவில் வருகிறார்கள். அப்போது எல்லாம் கிடைக்கிறது. குளிர் கிடைக்கிறது. எண் கிடைக்கிறது. சான்றிதழ் கிடைக்கிறது, கையொப்பம் கிடைக்கிறது, மேலே எவரும் எதையும் அடுக்குவதில்லை. இந்த நாட்டின் குளிர்ச் சங்கிலி ஒரு தோட்டத்துப் பெண்ணை முழுதாகத் தாங்கிப் பிடிப்பது அவள் செத்த பிறகு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. படிக்க உங்களுக்கும் இருக்க வேண்டும்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். நாங்கள் கேட்பது விமான நிலையம் இல்லை, ஒன்று கட்டி நெல் அடுக்கிப் பார்த்தாயிற்று. தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் சில கிலோமீற்றர் பாதையைப் போடுங்கள். பறித்த மரக்கறி வெயிலில் நிற்காமலிருக்க, வயலுக்குப் பக்கத்தில் ஒரு குளிரறை வையுங்கள். மலைப் பாதையைத் திருத்தும்போது பதுளை ரயிலின் வாலில் ஒரு குளிர்ப்பெட்டியைக் கொளுவுங்கள். தராசில் எங்களுடைய ஆளும் நின்று முள்ளைப் பார்க்கட்டும். இருக்கும் காணித் துண்டில் சொந்தமாக மரக்கறி போட உறுதிப்பத்திரம் கொடுங்கள். இவற்றில் எதையும் திறந்துவைக்கப் பெரிய மேடை தேவைப்படாது. இது நடக்காததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒருவேளை மனம் இரங்கி ஊவாவில் ஒரு குளிரறையைத் திறக்க வருவதென்று முடிவு செய்தால், ஒரேயொரு வேண்டுகோள். ஹெலிகொப்டரில் வராதீர்கள். ஏசி வாகனத் தொடரும் வேண்டாம். ஊவா பரணகமவில் நண்பகலில் மரக்கறி லொறியில் ஏறி, சாக்கின் மேல் உட்கார்ந்து, மேலே ஒரு கோவா மூட்டையையும் மடியில் ஒரு லீக்ஸ் கட்டையும் வாங்கிக்கொண்டு, எங்கள் மரக்கறி போகும் அதே பாதையில் பேலியகொட வரை ஒரு முறை போய்விட்டு வாருங்கள். அங்கே கையுறை போட்ட ஒருவர் உங்களைத் தூக்கிப் பார்த்து, இது ஏற்றுமதிக்கு ஆகும் என்று சொன்னால், வந்து ரிப்பனை வெட்டுங்கள். கைதட்ட நாங்கள் தயார்.